மழையை மறித்த மலைகள்: நார்வேயின் ஷோக் பள்ளத்தாக்கு

நார்வே என்றதும் பனியும் மழையும்தான் நம் நினைவுக்கு வரும். அது தவறில்லை. அந்நாட்டின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் பெய்வதும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

ஆனால் அதே நாட்டில், நீர் பாய்ச்சாவிட்டால் கோடையில் புல்கூடக் காய்ந்துவிடும் ஒரு பள்ளத்தாக்கும் இருக்கிறது. அதன் பெயர் ஷோக். அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்தால் சுமார் 300 மில்லிமீட்டர்தான் வரும். ஏன் இப்படி?

எங்கே இருக்கிறது?

தெற்கு நார்வேயின் உட்பகுதியில், ஏறத்தாழ 62 பாகை வட அட்சரேகையில் ஷோக் அமைந்துள்ளது. அதன் மையக் கிராமம் பிஸ்மோ. கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில், ஒட்டா ஆற்றின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர் அது. தெற்கே யோட்டுன்ஹைமன் மலைகள் நிற்கின்றன. வட ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரமான கால்ஹோப்பிக்கன் (2,469 மீட்டர்) அங்குதான் உள்ளது. மேற்கிலும் தென்மேற்கிலும் பனியாறுகள் நிறைந்த பிரேஹைமன் மலைகள். மழை குறைவதற்குக் காரணம் இந்த மலைகளே.

மழை எங்கே போனது?

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. மலையில் மோதியதும் அது மேலே ஏறுகிறது. உயரே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. நீராவி துளிகளாகி, மழையாகவும் பனியாகவும் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மேற்கிலுள்ள பிரெக்கே என்ற ஊரில் ஆண்டு மழை 3,500 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. பிரெக்கேயிலிருந்து ஷோக் 200 கிலோமீட்டர்கூட இல்லை. கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடைப்பட்ட தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையைக் கடந்து வரும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தையே மழைமறைவுப் பகுதி என்கிறோம்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

கடல் மட்டத்தில் காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். மேகம் உருவாகும் வரை, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அது 10 பாகை குளிரும். மேகம் உருவானபின் நீராவி துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால், 1,000 மீட்டருக்குச் சுமார் 6 பாகைதான் குளிரும்.

500 மீட்டரில் மேகம் தொடங்கினால், அங்கே வெப்பநிலை 5 பாகை. மேலும் 1,500 மீட்டர் ஏறி 2,000 மீட்டர் உச்சியை அடையும்போது 9 பாகை குறைந்து, –4 ஆகிறது. நீர் முழுவதும் மேற்குச் சரிவில் விழுந்துவிட்டது என்று கொள்வோம். ஈரமற்ற காற்று 400 மீட்டர் உயரத்திலுள்ள பள்ளத்தாக்குக்கு இறங்கும்போது, 1,600 மீட்டருக்கு 16 பாகை சூடாகிறது. ஆக, 12 பாகை.

மேற்கே ஏறும்போது இதே 400 மீட்டரில் அது 6 பாகையாகத்தான் இருந்தது. அதே காற்று இப்போது 6 பாகை கூடுதல் சூட்டோடும் குறைந்த ஈரத்தோடும் வீசுகிறது. இத்தகைய காற்று மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

பாலைவனம் ஆகாதது ஏன்?

ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் இடங்களைப் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். ஷோக் அந்த எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே பைன் காடுகள் உள்ளன. உருளைக்கிழங்கும் பார்லியும் விளைகின்றன. இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, குளிரான நாடு என்பதால் நீர் ஆவியாவது குறைவு. மற்றொன்று, மேலே மலைகளில் குளிர்காலம் முழுவதும் பனி சேர்ந்து, பயிருக்கு நீர் தேவைப்படும் கோடையில் உருகி ஓடைகளாக வருகிறது.

அந்த ஓடைகளை மக்கள் சும்மா விடவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மரத்தாலும் கல்லாலும் வாய்க்கால்கள் அமைத்து, மலைநீரை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். வானம் தராததை மலையிடம் வாங்கிக்கொண்டார்கள் எனலாம். இன்று அந்த வேலையைக் குழாய்களும் தெளிப்பான்களும் செய்கின்றன.

வறண்ட ஊரில் வெள்ளம்

மழை குறைந்த ஊருக்கு வெள்ள பயம் இல்லை என்று நினைக்கிறீர்களா? 2018 அக்டோபரில் ஷோக்கைப் பெருவெள்ளம் தாக்கியது. சாலைகள் அரித்துச் செல்லப்பட்டன. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் உயரமான மலைகளில் பனிதான் விழும். அந்த முறை மிதமான வெப்பக் காற்று வந்ததால், மலையில் கனமழை கொட்டியது. ஏற்கெனவே விழுந்திருந்த பனியும் உருகியது. இரண்டும் சேர்ந்து ஆறுகள் வழியாகப் பள்ளத்தாக்கில் இறங்கின.

ஓர் ஊரில் பெய்யும் மழையை மட்டும் அளந்தால் போதாது, மாணவர்களே. அதன் ஆறு எங்கிருந்து நீரைக் கொண்டுவருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷோக்கின் நீர்த்தொட்டி மலைப்பனியே. புவி வெப்பமடைந்து, பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தால், கோடைக்காகச் சேமிக்க வேண்டிய நீர் முன்கூட்டியே ஓடிவிடும். ஒரே மாற்றம் வெள்ளத்தையும் தரலாம், வறட்சியையும் தரலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேலே உள்ள கணக்கில் மலையின் உயரம் 1,000 மீட்டர் மட்டுமே என்றால், 400 மீட்டர் உயரத்திலுள்ள பள்ளத்தாக்கில் வெப்பநிலை என்ன? (விடை: 8 பாகை செல்சியஸ்)

2. உங்கள் வீட்டருகே ஓடும் ஆறு எந்த மலையில் பிறக்கிறது? வரைபடத்தில் அதன் பாதையைத் தேடி, விரலால் தொடர்ந்து செல்லுங்கள்.