பெயர்ல 'சாரிட்டி' இருந்தா போதுமா? ஒரு ஃபுட்பால் கோப்பை தரும் கணக்குப் பாடம்

போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "சார், சாரிட்டி ரன்னுக்கு 1,500 ரூபாய் கட்டி ஓடினேன். 80ஜி-ல போடலாமா?" பதிலுக்கு ஒரு ஃபுட்பால் கதை சொன்னேன்.

இங்கிலாந்தில் சீசன் தொடக்கத்துல, வழக்கமா ஆகஸ்ட்டில், ஒரு மேட்ச் நடக்கும். பிரீமியர் லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கப் ஜெயிச்ச டீமும் மோதும் கம்யூனிட்டி ஷீல்டு. 1908-ல் தொடங்கியபோது இதன் பெயர் சாரிட்டி ஷீல்டு. 2002-ல் பெயர் மாறியது. காரணம், கணக்கு!

என்ன குறை?

அங்கே தொண்டு அமைப்புகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷன் இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டியது.

1. டிக்கெட் பணத்துல எவ்வளவு தொண்டுக்குப் போகுதுன்னு தெளிவாச் சொல்லல.
2. தொண்டு அமைப்புகளுக்குப் போகவேண்டிய பணம் தாமதமாப் போச்சு.

கவனிங்க, இது திருட்டுப் புகார் இல்ல. 'எவ்வளவு, எப்போ' என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சரியா இல்ல, அவ்வளவுதான்.

இப்போ எப்படி?

டிக்கெட், மேட்ச் புத்தக விற்பனையில் வரும் பணம், எஃப்.ஏ. கப் முதல் சுற்றிலிருந்து ஆடும் 124 கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அவங்க தங்கள் ஊர்த் தொண்டுப் பணிகளுக்குக் கொடுக்கணும். மீதி, எஃப்.ஏ.வோடு இணைந்த தொண்டு அமைப்புகளுக்கு. 'யாருக்கு' என்பதற்கும் பதில் இருக்கு.

நம்ம 1,500 ரூபாய்க்கு வருவோம்

டி-ஷர்ட், மெடல், காலை டிஃபன் எல்லாம் அதுலதான் வந்தது. அது நுழைவுக் கட்டணம். அப்படியே நன்கொடை ஆகாது. பதிவு பெற்ற அறக்கட்டளை உங்கள் பான் எண்ணோடு நன்கொடைச் சான்றிதழ் கொடுத்தால், அதில் இருக்கும் தொகையை மட்டும் கணக்கில் எடுக்கலாம். அதுவும்:

- பழைய வரி முறையில் இருந்தால்தான் இந்தச் சலுகை.
- 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. யு.பி.ஐ.யில் கொடுங்க.
- எல்லா அமைப்புக்கும் முழுத் தொகை கழியாது, பலவற்றுக்குப் பாதிதான்.

தம்பியிடம் இருந்தது கட்டண ரசீது மட்டும். அதனால போடல. போட்டிருந்தா, பின்னாடி நோட்டீஸ் வந்தா வரியோட வட்டியும் அபராதமும் அவர் தலையில்தான்.

அடுத்த தடவை நல்ல காரியத்துக்குப் பணம் கேட்டா, தாராளமாக் கொடுங்க. ஆனா எவ்வளவு, எப்போ, யாருக்குன்னு கேட்கக் கூச்சப்படாதீங்க. 94 வருஷப் பெயரையே மாத்திய கேள்வி அது!