94 காட்டுகிறது, மூச்சு வாங்குகிறது

கேள்வி: அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 94 காட்டும்போதே மூச்சு வாங்குகிறார். நல்ல கறுத்த தேகம் அவருக்கு. அப்படிப்பட்டவர்களுக்குக் கருவி கூட்டிக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். ஆனால் முதலில், மூச்சு வாங்கும்போது எண்ணை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் ஏபிஜி பரிசோதனைதான் சரியான அளவைச் சொல்லும்.

ஆக்ஸிமீட்டர் ஆக்சிஜனை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரல் வழியே செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாக உறிஞ்சும். அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் தமனி விம்முவதால் ஒளி ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தோல், எலும்பு எல்லாம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்துப் பொறியாளர் டகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்ட வழி இது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்கும் முயற்சியில் அவருக்கு இந்தத் துடிப்பு இடைஞ்சலாக இருந்தது. அதை நீக்கப் போனவர், ஆக்சிஜன் அளவு அதற்குள்ளேயே இருப்பதைக் கண்டார். என்ன அபாரமான பார்வை!

தோல்தான் கழிந்துவிடுகிறதே, பிழை எங்கிருந்து வருகிறது? முழுதாகக் கழிவதில்லை. மெலனின் மிகுந்தால் வந்துசேரும் ஒளி குறையும், சிக்னல் பலவீனமாகும். இன்னொன்று, சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளின் விகிதத்தை 94, 95 என்று மாற்றும் அட்டவணை. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்து, அவர்கள் ரத்தத்தோடு ஒப்பிட்டுத் தயாரிப்பது அது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று 10 பேரிடம் சோதித்தால் போதும் என்றது, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் எஃப்டிஏ, 2013இல். அதில் கறுத்த தோலினர் இருவர்! 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தத்தில் 88க்குக் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையரில் சுமார் 4 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 12. எஃப்டிஏவின் 2025 வரைவு, பலவகைத் தோல் நிறத்தவர் 150 பேரையாவது கேட்கிறது. சென்சார் உருவாக்க வரும் நம் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவதும் இதைத்தான்: சர்க்யூட்டுக்குச் செலவிடும் அக்கறையை, யார் விரலில் சோதிக்கிறோம் என்பதிலும் காட்டுங்கள்.

அப்பாவின் கை சில்லென்று இருந்தால் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ஆடாமல் உட்காரவைத்து, எண் நிலைத்தபின் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஒரு நாளைய 94ஐவிட, வழக்கத்திலிருந்து எத்தனை இறங்கியது என்பதுதான் மருத்துவருக்கு உதவும். நோட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.