தட்டினால் வெடிக்குமா?

நம்பிக்கை: வெடிபொருள் கை நழுவி விழுந்தாலே போதும், வெடித்துவிடும்.

உண்மை: அது சினிமாக் கணக்கு. டிஎன்டியை 1863-இல் யூலியுஸ் வில்பிராண்டு தயாரித்தபோது அது மஞ்சள் சாயமாகத்தான் பயன்பட்டது. வெடிபொருள் என்று யாரும் மதிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. சுமார் 80 டிகிரி செல்சியஸில் உருகும் அதை, நீராவிச் சூட்டில் உருக்கிக் குண்டுகளுக்குள் ஊற்றுகிறார்கள். நைட்ரோகிளிசரின் போன்ற சில வெடிபொருள்கள் மட்டுமே சினிமாவுக்குக் கொஞ்சம் பொருந்தும்.

நம்பிக்கை: பெரிய சேதம் விளைவிப்பதுதான் சட்டென்று வெடிக்கும்.

உண்மை: வலிமை வேறு, உணர்திறன் வேறு. ஆய்வகத்தில் சிட்டிகையளவு பொருளை உப்புத்தாளில் வைத்து, மேலிருந்து 2.5 கிலோ எடையை விழவிடுவார்கள். பாதி முறை வெடிக்கும் உயரமே உணர்திறனின் அளவுகோல். சில பொருள்களுக்கு ஒரு சாண் உயரம் போதும். டிஏடிபி என்ற பொருளோ டிஎன்டியைவிட வலுவானது; 3 மீட்டருக்கு மேலிருந்து எடை விழுந்தாலும் அசையாது. 1966-இல் ஸ்பெயினின் பாலோமாரெஸில் அமெரிக்க விமானத்திலிருந்து விழுந்த அணுகுண்டுகளில் இரண்டில் இருந்த சாதாரண வெடிமருந்து, தரையில் மோதிய வேகத்தில் வெடித்துப் புளுட்டோனியத்தைச் சிதறடித்தது. அணுகுண்டுகளில் டிஏடிபி இடம்பிடித்ததற்கு இத்தகைய விபத்துகளும் காரணம்.

நம்பிக்கை: எவ்வளவு பலமாக அடிக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

உண்மை: அடியின் ஆற்றல் எங்கே குவிகிறது என்பதே முக்கியம். கேம்பிரிட்ஜில் பௌடன், யோஃபி என்ற ஆய்வாளர்கள் காட்டியது இதைத்தான்: உள்ளே சிக்கிய நுண்ணிய காற்றுக்குமிழ் அடிபட்டு நசுங்கிக் கடுமையாகச் சூடாகிறது, வெடிப்பு அந்தச் சூட்டுப் புள்ளியில் தொடங்குகிறது. குமிழ் இல்லாத நைட்ரோகிளிசரினை வெடிக்க வைப்பது எவ்வளவோ கடினம். ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் குமிழ், துகள், அடர்த்தி, ஈரம் மாறினால் குணமும் மாறும்.

நம்பிக்கை: இத்தனை காலம் வெடிக்காதது இனியும் வெடிக்காது.

உண்மை: நான்கிலும் ஆபத்தானது இதுதான். ஜெர்மனியின் ஓப்பாவ் உரத் தொழிற்சாலையில் அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் கிடங்கில் பாறையாக இறுகிவிடும். கடப்பாரைக்கு அசையாததால் சிறு டைனமைட் வைத்து உடைப்பது வழக்கம். சுமார் 20,000 முறை அப்படி உடைத்தும் ஒன்றும் ஆகவில்லை. 1921 செப்டம்பர் 21 காலை அதே வேலைதான் நடந்தது. கிடங்கிலிருந்த சுமார் 4,500 டன்னில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வெடித்தது. 500 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் உலர்த்தும் முறையை மாற்றியிருந்தார்கள். உரம் முன்னைவிட உலர்ந்தும் அடர்த்தி குறைந்தும் போனதே காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். உரத்தின் பெயரென்னவோ பழைய பெயர்தான்.

கல்குவாரி ஓரத்தில் கிடக்கும் டெட்டனேட்டரோ, போர் நடந்த நிலத்தில் புதைந்த பழைய குண்டோ கண்ணில் பட்டால் எடுத்துப் பார்க்காதீர்கள், காலாலும் தட்டாதீர்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.