32 வரிசையில் அடங்காத வாய்

இந்த செமஸ்டர்ல டென்டல் கிளினிக் சாஃப்ட்வேரை ப்ராஜெக்டா எடுத்தவங்க, உங்க டேபிளைக் கொஞ்சம் திறந்து பாருங்க. பேஷன்ட் ஐடி, பல் எண், ஆளுக்கு 32 வரிசை. அப்படித்தானே இருக்கு? வாய் அப்படி இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

முதல்ல எண்கள். நம்ம ஊர் பல் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுறது எஃப்டிஐ முறை (ஐஎஸ்ஓ 3950). இரண்டு இலக்கம். முதலாவது, வாயின் எந்தக் கால்பகுதி. இரண்டாவது, நடுவிலிருந்து எத்தனாவது பல். நிரந்தரப் பல்லுக்கு முதல் இலக்கம் 1 முதல் 4, பால் பல்லுக்கு 5 முதல் 8. கீழ் இடது பக்கம் கடைசிப் பால் பல் 75. அது விழுந்தா அங்கே முளைப்பது 35.

விழலைன்னா? சிலருக்கு 35 தாடைக்குள்ள உருவாகவே செய்யாது. கீழிருந்து தள்ள ஆள் இல்லாததால, பெரியவங்களான பிறகும் 75 அங்கேயே இருக்கும். "வயசு 13 தாண்டினா நிரந்தரப் பல் சார்ட்டைக் காட்டு"ன்னு நீங்க ஒரு இஃப் போட்டிருந்தா, இருக்குற 75 திரையில மறைஞ்சு, இல்லாத 35 முளைச்சிடும். பால் பல்தானேன்னு அதைப் பிடுங்கிட்டா அந்த இடத்துக்கு வேற பல் வரப்போறதில்லை. எக்ஸ்ரே பார்க்காம யாரும் பிடுங்க மாட்டாங்கன்னு நம்பி கோடு எழுதாதீங்க.

இன்னொரு கேஸ்: 53 விழாம நிக்கும், 13 அதுக்கு மேல தெத்துப்பல்லா வந்திருக்கும். ஒரு இடம், இரண்டு பல். இடத்தையே ப்ரைமரி கீயா வச்சா ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடும்.

கூடுதல் பல்லுக்கு வருவோம். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவுல முளைக்கிற மீசியோடென்ஸுக்கு மேலே சொன்ன எந்த எண்ணும் பொருந்தாது. அமெரிக்க முறையில நிரந்தரப் பற்கள் 1 முதல் 32. கூடுதல் பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் எண்ணோட 50 கூட்டுவாங்க. அதாவது அங்கே 55ன்னா 5-க்குப் பக்கத்துல கூடுதலா ஒரு பல். இங்கே 55ன்னா சாதாரணப் பால் பல்! ஆம்பூர், வாணியம்பாடி பசங்களுக்கு இது புதுசில்லை. ஷூ பெட்டியில வெறும் 8ன்னு ஒட்டினா போதாது, யூகே 8-ஆ யூஎஸ் 8-ஆன்னு சேர்த்துப் போடணும்.

அதனால ஒவ்வொரு பல்லுக்கும் தனி ஐடி கொடுங்க. எண், எந்த முறை, பால் / நிரந்தரம் / கூடுதல், பக்கத்துப் பல் எது, பார்த்த தேதி எல்லாம் தனித்தனி காலம். "உருவாகவில்லை"யும் "பிடுங்கியாச்சு"ம் வேற வேற நிலை. இரண்டையும் நல்-னு விட்டுடாதீங்க.

அதுக்காக எல்லாத்தையும் பல்லா எண்ணவும் வேண்டாம். 2019-ல சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில 7 வயசுப் பையனோட கீழ்த்தாடையிலிருந்து 526 குட்டிப் பற்களை எடுத்தாங்க. எல்லாம் ஒரே பைக்குள்ள இருந்தது. அது ஓடோன்டோம்ங்கிற கட்டி. சார்ட்டுல ஒரே பதிவு: கட்டி, இருக்குற இடம், எண்ணிக்கை. லூப் போட்டு 526 வரிசை இன்சர்ட் பண்ணக் கிளம்பிடாதீங்க.