சர்வரில் லோட் எகிறுகிறதா?

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் பதிந்து, குடும்பத்தின் போட்டோக்களைச் சேர்த்து வைக்கும் சர்வராகப் பலர் பயன்படுத்துகின்றனர். திடீரென ஒருநாள் அது ஆமை வேகத்தில் நகரும். உடனே புதிய பிராசசருக்கு விலை விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். டெர்மினல் விண்டோவைத் திறந்து டி, ஓ, பி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களைச் சிறிய எழுத்தில் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும்.

முதல் வரியின் இறுதியில் லோட் ஆவரேஜ் என மூன்று எண்கள் காட்டப்படும். கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை இவை. ரயில்வே டிக்கட் கவுண்டரை நினைத்துக் கொள்ளுங்கள். டிக்கட் வாங்கிக் கொண்டிருப்பவரையும் பின்னால் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணுவது போன்றதுதான் இது. ஒரு கோர், ஒரு கவுண்டர். நான்கு கோர் உள்ள பிராசசரில் 4 வரை கவலையில்லை. 9 என்றால் வரிசை நீள்கிறது. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரியதா? சுமை ஏறிக் கொண்டிருக்கிறது.

இங்கேதான் பலரும் குழம்புகின்றனர். லோட் 9 எனக் காட்டும். பிராசசரோ சும்மா இருக்கும்! காரணம், டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும் புரோகிராம்களையும் லினக்ஸ் 1993 முதல் இந்தக் கணக்கில் சேர்க்கிறது. எனவே லோட் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சிபியு வரியையும் பாருங்கள். அதில் யு.எஸ். அதிகம் என்றால், பட்டியலில் முதலில் நிற்கும் புரோகிராம்தான் குற்றவாளி. டபிள்யு.ஏ. அதிகம் என்றால் பிராசசர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. பட்டியலில் எஸ் என்ற தலைப்பின் கீழ் டி என்ற எழுத்து எந்தப் புரோகிராமுக்கு இருக்கிறது எனப் பாருங்கள். கில் கட்டளை கொடுத்தாலும் பெரும்பாலும் அது அசையாது. டிஸ்க் பதில் தர வேண்டும்.

ராம் நிரம்பி, ஸ்வாப் அளவு ஏறிக்கொண்டே போனாலும் டிஸ்க் திணறும். பெரிய புரோகிராம் ஒன்றை மூடினால் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது வேறு. டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துக்களைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டவும். அனுமதி இல்லை என்றால் முன்னால் சூடோ சேர்க்கவும். கிடைக்கும் செய்திகளில் ஐ/ஓ எரர் என்பது டிஸ்க்கின் பெயருடன் திரும்பத் திரும்ப வந்தால், டிஸ்க் பழுதாகிக் கொண்டிருக்கலாம். அப்போது ரிப்பேர் புரோகிராம் எதையும் இயக்க வேண்டாம். முதலில் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். பின் கம்ப்யூட்டரை நிறுத்தி, டேட்டா கேபிளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தளர்ந்த கேபிளும் இதே எரரைத் தருவதுண்டு.