மேகம் விலகும்வரை

எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி நடைப்பயணம் மேற்கொள்வோரில் பலர் முதலில் வந்திறங்கும் இடம் நேப்பாளத்தில் உள்ள லுக்லா என்னும் சிற்றூர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,845 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரில், எட்மண்ட் ஹில்லரியின் முயற்சியால் 1964ஆம் ஆண்டில் ஒரு விமானத்தளம் உருவானது. டென்சிங் - ஹில்லரி விமான நிலையம் என்பது அதன் இன்றைய பெயர்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் ஓடுபாதைகள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையவை. லுக்லாவின் ஓடுபாதையோ 527 மீட்டர்தான். அதுவும் சமதளம் அன்று. ஒரு முனை மற்றொரு முனையைவிட ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்த முனையை அடுத்து ஆழமான பள்ளத்தாக்கு. உயர்ந்த முனைக்கு அப்பால் மலை. விமானம் மேட்டை நோக்கி இறங்குவதால் அதன் வேகம் தானாகவே குறைகிறது. ஆனால், ஓடுபாதையை மிகவும் நெருங்கிய பிறகு விமானி மனம் மாறி மீண்டும் மேலே எழும்ப இயலாது. எதிரே மலை நிற்கிறது. எனவே, இறங்குவதா திரும்புவதா என்பதை அவர் முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும்.

அம்முடிவைப் பெரும்பாலும் காற்றே தீர்மானிக்கிறது. இவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றில் இறக்கைகள் விமானத்தைத் தாங்க வேண்டுமெனில், விமானம் இன்னும் வேகமாகச் செல்ல வேண்டும். வெயில் ஏறினால் காற்று மேலும் மெலிகிறது. இதனால்தான் பயணிகளின் பைகள்கூட எடைபோட்டு ஏற்றப்படுகின்றன.

விடியற்காலையில் பள்ளத்தாக்கு பொதுவாக அமைதியாக இருக்கும். கதிரவன் மலைச்சரிவுகளைச் சூடாக்கியதும் அங்குள்ள காற்று மேலெழுகிறது; அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்று மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. விமானங்கள் எதிர்க்காற்றில் இறங்குவதே வழக்கம். லுக்லாவிலோ இறங்கும் திசை ஒன்றே ஒன்றுதான். நண்பகல் நெருங்க, காற்று பின்னாலிருந்து தள்ளும். குட்டையான ஓடுபாதையில் விமானத்தை நிறுத்துவது கடினமாகும். ஆகவே, இங்கு விமானச் சேவை பெரும்பாலும் காலையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

மலைமுகட்டைக் கடப்பதிலும் ஆபத்து உண்டு. ஆற்றுநீர் பாறையின் மேல் ஏறி மறுபுறம் விழுவதுபோல, முகட்டைத் தாண்டும் காற்று மறுபக்கச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்கிறது. சிறிய விமானம் தன் முழு ஆற்றலையும் செலுத்தினாலும் சில வேளைகளில் அந்த இழுப்பை வெல்ல முடியாது. ஆதலால், விமானிகள் முகட்டை நேராக அணுகாமல் ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் அணுகுகின்றனர். விமானம் தாழத் தொடங்கினால், சற்றே திருப்பிப் பள்ளத்தாக்கின் பக்கம் விலகிவிடலாம். சிகரத்தருகே அசையாமல் நிற்கும் குவிவில்லை வடிவ மேகங்கள் கண்ணுக்கு அழகானவை. அவற்றின் ஊடே பலத்த காற்று வீசிக்கொண்டிருப்பதை விமானி அறிவார்.

இவை எல்லாவற்றையும்விட மேகமூட்டமே கொடியது. இங்கு ஓடுபாதையைக் கண்ணால் கண்டுதான் இறங்க வேண்டும். 2008ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், டுவின் ஆட்டர் வகை விமானம் ஒன்று மூடுபனியில் இறங்க முயன்று ஓடுபாதைக்குச் சற்று முன்னால் மோதியது. அதிலிருந்த 19 பேரில் 18 பேர் உயிரிழந்தனர். தலைமை விமானி மட்டுமே பிழைத்தார். நம் நாட்டில் மிரியிலிருந்து பாரியோ மலைநாட்டுக்குப் பறந்துவருவதும் இதே வகை விமானம்தான். அங்கும் மேகம் மூடினால் காத்திருக்க வேண்டியதே.

2011ஆம் ஆண்டு நவம்பரில் லுக்லாவை மேகம் பல நாள் மூடிக்கொண்டது. விமானங்கள் வரவில்லை. மலையிலிருந்து இறங்கிவந்த ஆயிரக்கணக்கான பயணிகள் அச்சிற்றூரில் சிக்கினர். விடுதிகளில் இடம் போதவில்லை. தாயகம் திரும்ப முன்பதிவு செய்திருந்த விமானத்தைப் பலர் தவறவிட்டனர். பிறகு ஒருநாள் மேகம் விலகியது. பள்ளத்தாக்கின் வழியே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, காத்திருந்தோரை ஏற்றிச் சென்றன.