மதுரையில் உறைவிடமும் ஊணும்

புதியதொரு நகரத்திற்குச் செல்வார் ஆங்குக் காணத்தக்கன யாவை என்பதைப் பலரிடத்தும் உசாவி அறிகின்றனர். தங்கும் இடத்தையோ வாடகை ஒன்றே நோக்கித் துணிகின்றனர். கோயிலையும் அரண்மனையையும் காண்பது மட்டுமே கருத்தாயின் இது பொருந்தும். ஓர் ஊரின் உணவை உண்டு அவ்வூரை அறிய விழைவானுக்கு இது பொருந்தாது. கோயிலை அவன் ஒருமுறை காண்பான். உணவையோ நாடோறும் மும்முறை தேடுவான். விடியற்காலையிலும் இரவு நெடும்பொழுதிலும் அவன் நாடிச் செல்லத்தக்கது, தான் தங்கிய தெருவும் அதனை அடுத்த இரண்டு மூன்று தெருக்களுமே. ஆதலின் எத்தெருவில் தங்குவது என்னும் வினாவே அவன் முதற்கண் ஆராயற்பாலது.

இதனை யான் நூலிற் கற்றிலேன். பிழை செய்து கற்றேன். என் தந்தையார் கொல்லிமலையின் அடிவாரத்து ஊராகிய முள்ளுக்குறிச்சியில் உழவுத்தொழில் செய்பவர். சென்ற ஆண்டு என்னைக் காண முதன்முறையாக மதுரைக்கு வந்தார். அவர் தங்குதற்கு நகரின் வடகிழக்கே ஒரு புதிய குடியிருப்பில் அறை பார்த்து வைத்தேன். அகன்ற தெருக்கள், மரநிழல், ஓசையின்மை ஆகிய இவற்றைக் கண்டு, இதனினும் நல்லிடம் இல்லை என மகிழ்ந்தேன். நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக அவர் வந்த பேருந்து நகரின் மேற்கே ஆரப்பாளையத்தில் நின்றது. அங்கிருந்து நகரைக் கடந்து அறையை அடையும்போது இரவு பத்து மணியாயிற்று. அத்தெருவில் திறந்த கடை ஒன்றேனும் இல்லை. எனக்கென்று அவர் சுமந்து வந்த கொல்லிமலை வாழைப்பழங்களையே இருவரும் உண்டு படுத்தோம். மறுநாள் அவர் தம் வழக்கப்படி நான்கு மணிக்கு எழுந்து, ஏழு மணிவரை ஒரு குவளைத் தேநீரும் இன்றி வாயிலில் அமர்ந்திருந்தார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். மூன்றாம் நாள் ஊர் திரும்பப் பேருந்தில் ஏறியமர்ந்த பின்னரே, "தம்பி, இந்த ஊரில் பாடுபடுகிறவர்கள் எங்கே உண்கிறார்கள்?" என்று வினவினார். விடை கூற அறியாது நின்றேன்.

நிற்க. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பத்துப்பாட்டைப் பாடமாக ஓதும் மாணவன் அவ்வினாவிற்கு விடை அறியாது நின்றது நாணத்தக்கதே. ஆற்றுப்படை நூல்கள் கூறுவது வேறென்னை? பரிசில் பெற்று மீளும் பாணன், பசியொடு எதிர்ப்படும் பாணனுக்கு வழி கூறுங்கால், இன்ன ஊரில் இன்னார் வாழ்வர், அவர் இன்ன உணவு தருவர் என்றே கூறிச் செல்கின்றான். 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் மூன்று ஊர்களைக் குறிக்கின்றார். எயிற்பட்டினத்திற் பரதவர் மனையில் சுட்ட மீன் கிடைக்கும். வேலூரில் எயினர் மனையில் புளியிட்ட சோறும் ஆமான் சூட்டிறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் குற்றிய அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும். ஊரின் பெயர் அடையாளமே. உணவைத் துணிவது ஆங்கு வாழ்வாருடைய தொழில். அன்றியும், வழி கூறுவான் தான் நடந்த வழியையே கூறுகின்றான். இக்காலத்தில் பிறர் சொல்லக் கேட்டதைத் தாம் உண்டதுபோற் கூறுவார் பலராதலின், இஃது ஈண்டுக் கருதத்தக்கது. (அந்நூலிற் கூறப்பெறும் வள்ளல்கள் எழுவருள் ஓரி எங்கள் கொல்லிமலைக்கு உரியவன் என்பதில் எனக்குச் சிறிது செருக்கும் உண்டு.)

மதுரையைப் பற்றியே கூறுவது மாங்குடி மருதனாரது மதுரைக்காஞ்சி. நாளங்காடி, அல்லங்காடி எனப் பகற்கடையையும் இரவுக்கடையையும் அது பிரித்துக் காட்டுகின்றது. இரவை யாமம் யாமமாகப் பகுத்து, எப்பொழுதில் எவர் விழித்திருப்பர் என்பதனையும் கூறுகின்றது. அடை விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகே இருந்தபடியே உறங்கிவிடும் காட்சி ஒன்று அதில் உண்டு. அதனைப் படிக்குந்தோறும் இன்றைய மதுரையில் நள்ளிரவு கழிந்தபின் தோசைக்கல்லின் அருகே கண்ணயரும் கடைப்பையன்களே என் நினைவில் வருகின்றனர். தங்கும் தெருவில் என்ன கிடைக்கும் என்பதோடு எப்பொழுது கிடைக்கும் என்பதனையும் கேட்டல் வேண்டும் என்பது இந்நூலால் யான் அறிந்தது.

மதுரையில் உறைவிடம் தேர்ந்ததற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று இல்லை. கவுந்தியடிகள் கண்ணகியையும் கோவலனையும் வணிகர் மிக்க அகநகரில் இருத்தாது, ஆய்ச்சியாகிய மாதரியினிடம் ஒப்புவித்தார். மாதரி தந்த பலாக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, அரிசி, பால், நெய் இவை கொண்டு கண்ணகி தன் கையாற் சமைத்துப் படைத்தாள். அவ்வுணவே கோவலன் உண்ட இறுதி உணவு என்பதை நினைக்கும்போது அப்பகுதியைக் கடந்து செல்ல மனம் எழுவதில்லை. கடையுணவு ஒவ்வாதார்க்கும் சமைத்து உண்ண விரும்புவார்க்கும் இன்றும் ஓசையற்ற புறநகரே ஏற்றது. யான் தேர்ந்த குடியிருப்பு தீயதன்று. என் தந்தையார்க்கு ஏற்றதன்று, அவ்வளவே.

இனி, இன்றைய மதுரையைக் காண்போம். திருக்கோயிலை நடுவாக வைத்துச் சித்திரை, ஆவணிமூலம், மாசி என வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாய்ச் சதுரமாய் அமைந்துள்ளன. 1837-இல் கோட்டை மதில் இடிக்கப்பெற்று அகழி தூர்க்கப்பட, வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் எழுந்தன. வெளி வீதிகட்கு உட்பட்ட பகுதியைக் கால்நடையாகவே கடக்கலாம். ஆதலின் அதனுள் எங்குத் தங்கினும் பெரும்பிழை ஆகாது.

புகைவண்டி நிலையத்தின் எதிரே டவுன்ஹால் ரோட்டிலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் விடுதிகள் மிகுதி. பெட்டியைச் சுமந்து நெடுந்தூரம் செல்ல வேண்டா. எப்பொழுதும் ஏதேனும் உண்ணக் கிடைக்கும். ஆயின் அவ்வுணவு பெரும்பாலும் வழிப்போக்கர்க்கென்றே சமைத்தது. எந்நாட்டார் நாவிற்கும் ஒருவாறு பொருந்துமாறு காரமும் புளிப்பும் அடக்கிய உணவில் மதுரையைக் காண்பது அரிது என்பது என் துணிபு.

வடக்கே வையைக்கு அணித்தாய் உள்ளது சிம்மக்கல். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கத்திற்குச் செல்லும் மாணவர்க்கு இது பழகிய இடம். தோசைமேல் முட்டையும் அதன்மேல் கொத்திய ஆட்டிறைச்சியும் பரப்பிச் சுடும் கறிதோசைக்கு இப்பகுதி பெயர் பெற்றது. புலால் உண்பார் இங்குத் தங்குதல் நன்று. புலால் உண்ணாதார் வேறிடம் பார்த்துக்கொள்க.

யான் பெரிதும் விரும்புவது தென்கிழக்கே விளக்குத்தூணைச் சூழ்ந்த பகுதியையே. கோட்டை இடிந்த காலத்துக் கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூண் அது. ஒருபால் கீழமாசி வீதி. அங்கு மளிகைச் சரக்கு மொத்தமாக விற்கப்படுதலின் மூட்டை சுமப்பார் பலர். அவர்கள் வீட்டில் உண்டு வருதற்குப் பொழுதில்லை. ஆகவே ஊர் விழிக்குமுன் அவர்கட்கு இட்லி வேண்டும். பனியில் வெல்லமும் சுக்கும் இட்ட பருத்திப்பால் வேண்டும். நாடோறும் உண்ணும் அவர்களை ஏமாற்றிக் கடைக்காரர் பிழைக்க முடியாது. மற்றொருபால் நாயக்கர் காலந்தொட்டு மதுரையில் வாழும் சௌராட்டிர நெசவாளரின் தெருக்கள். மாலையில் ஆங்கு முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட வடை மணக்கும். பாலும் கடற்பாசியும் நன்னாரிச் சாறும் கலந்த ஜிகர்தண்டாவை நடுப்பகல் வெயிலில் இங்கேயே பருகல் வேண்டும். அறைகள் சிறியன, ஓசை மிகுதி. விடியுமுன் வண்டிகள் சரக்கு இறக்கும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் ஓடுமாதலின் அந்நாட்களில் அறை பெறுவதும் அரிது.

கடைகளின் பெயரை வேண்டுமென்றே கூறாது விட்டேன். கடை கைம்மாறும், சமையற்காரர் வேறிடம் போவர். மூட்டை சுமப்பார் உண்ணும் தெரு அவ்வளவு எளிதில் இடம் மாறாது.

இவ்வாண்டு மார்கழியில் என் தந்தையார் மீண்டும் வந்தார். விளக்குத்தூணிற்கு அருகே ஒரு சிறிய அறையில் இருவரும் தங்கினோம். நான்கு மணிக்கு அவர் கதவைத் திறந்து வெளியே செல்லும் ஓசை கேட்டு, எழ மனமின்றிப் படுத்திருந்தேன். ஐந்து மணிக்குத் திரும்பினார். கையில் வாழையிலைப் பொதி ஒன்று. உள்ளே ஆறாத நான்கு இட்லிகள். "மூட்டை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து உண்டேன், அவர்களில் ஒருவர் நம் இராசிபுரத்துக்காரர், தம்பி" என்றார்.